ஒரு மில்லிமீட்டர், பதினாறு சென்டிமீட்டர்

சோவியத் யூனியன் கலைந்த பிறகு அதன் ஆயுதக் கிடங்குகளிலிருந்து மோசின்-நாகன் ரைஃபிள்கள் பெட்டி பெட்டியாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. ரஷ்யப் படை அதிகாரி செர்கேய் மோசினின் வடிவமைப்பும் பெல்ஜியத்தின் நாகன் சகோதரர்களுடைய யோசனைகள் சிலவும் சேர்ந்து 1891-ல் பிறந்த துப்பாக்கி அது. 1930-ல் திருத்தப்பட்ட அதன் வடிவம்தான் இரண்டாம் உலகப் போரில் செம்படை வீரர்களின் தோளில் தொங்கியது. மொத்தம் மூன்று கோடிக்கும் மேல் செய்திருப்பார்கள் என்பது பரவலான கணக்கு. போர் முடிந்ததும் பழுதுபார்த்து, கெட்டிக் கிரீஸ் பூசி, அடுத்த போருக்கென்று அடுக்கி வைத்தார்கள். அதற்குள் வேறு துப்பாக்கிகள் வந்துவிட்டன. அதனால் 2000-களின் தொடக்கத்தில், 1943 என்று முத்திரையிட்ட ஒரு ரைஃபிளை அமெரிக்கக் கடையில் நூறு டாலருக்கும் குறைவாக வாங்க முடிந்தது.

வாங்கியவர் கிரீஸைத் துடைத்துச் சுடுகளத்துக்குக் கொண்டுபோவார். தூரத்துக்கேற்ப ஏற்றி இறக்கும் பின்குறியை 100 மீட்டருக்கு வைத்து, அட்டையின் கறுப்பு வட்டத்துக்கு நடுவே குறிபார்த்துச் சுடுவார். துளை நடுவில் விழாது. பெரும்பாலும் மேலே விழும். சில துப்பாக்கிகளில் ஒரு சாண் மேலே. பக்கவாட்டிலும் கொஞ்சம் விலகியிருக்கும். மலிவுச் சரக்கு, மட்டமான வேலை என்று அவர் முடிவுக்கு வருவார்.

அந்த முடிவு பெரும்பாலும் தவறு. ஆலையை விட்டுப் போகும் முன்பே அந்தத் துப்பாக்கியைச் சுட்டுச் சரிபார்த்து அனுப்பியிருப்பார்கள். குறிப்பிட்ட ஒரு குண்டு, குழல் நுனியில் மாட்டிய பயனெட், முந்நூறு மீட்டர் தூரத்தில் எதிரியின் இடுப்பு என்று சில நிபந்தனைகளை முன்வைத்துச் செய்த சரிபார்ப்பு அது. இன்று சுடுபவரிடம் அந்த நிபந்தனைகளில் ஒன்றுகூட இல்லை. பழைய ராணுவத் துப்பாக்கியின் குறியைத் திருத்துவது என்றால், அதைச் செய்தவர்கள் எதையெல்லாம் மனத்தில் வைத்திருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, நம் தேவைக்கேற்ப மாற்றி எழுதுவது.

அடிப்படையிலிருந்து தொடங்கலாம். துப்பாக்கியில் இரண்டு கோடுகள் உண்டு. குழலின் துளை வழியாக நேராக நீளும் கோடு ஒன்று. கண்ணிலிருந்து பின்குறியின் வெட்டு வழியாக, குழல் நுனியில் நிற்கும் முன்குறியின் தலையைத் தொட்டு இலக்கை அடையும் பார்வைக்கோடு இன்னொன்று. இரண்டும் இணையாக இருப்பதில்லை. பார்வைக்கோடு கிடைமட்டமாக இருக்கும்போது குழல் சற்றே அண்ணாந்திருக்கும்படி வைத்திருப்பார்கள். எல்லைக்கோட்டருகே பந்தைப் பிடித்த ஆட்டக்காரர் விக்கெட் கீப்பரின் கையுறையை நோக்கி நேராக எறிவதில்லை, அவர் தலைக்கு மேலே எங்கோ பார்த்து எறிகிறார் அல்லவா, அதே கணக்குதான். குழலை விட்டு வெளியேறிய குண்டு தானாக மேலே எழும்புகிறது என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. வெளியேறிய நொடியிலிருந்தே அது குழல்கோட்டுக்குக் கீழே விழத் தொடங்கிவிடுகிறது. குழலே மேல்நோக்கி இருப்பதால் குண்டு பார்வைக்கோட்டைக் கீழிருந்து மேலாகக் கடந்து, கொஞ்ச தூரம் அதற்கு மேலே பறந்து, பிறகு மீண்டும் அதன் மேல் வந்து இறங்குகிறது. அப்படி இறங்கும் தூரத்துக்குத்தான் ‘ஜீரோ’ என்று பெயர்.

மோசினின் இலேசான கூர்முனைக் குண்டின் எடை 9.6 கிராம், குழலை விட்டு வினாடிக்கு சுமார் 865 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 100 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.12 வினாடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை ஏழு சென்டிமீட்டர் கீழே இழுத்திருக்கும். 300 மீட்டருக்குப் போவதற்குள் காற்று வேகத்தைக் குறைத்துவிடும். வீழ்ச்சியும் ஏறத்தாழ முக்கால் மீட்டராகியிருக்கும். இந்த முக்கால் மீட்டரை ஈடுகட்டும் அளவுக்குக் குழலை அண்ணாந்து வைத்தால், குண்டு 100 மீட்டரைக் கடக்கும்போது பார்வைக்கோட்டுக்குப் பதினைந்து, பதினாறு சென்டிமீட்டர் மேலே பறக்கும். பாதையின் உச்சியில்கூட அது இருபது சென்டிமீட்டரைப் பெரிதாகத் தாண்டாது.

படை அதிகாரிகளுக்கு இந்த இருபது சென்டிமீட்டர்தான் வசதி. ஓடி வரும் எதிரி 120 மீட்டரிலா, 220 மீட்டரிலா என்று பயத்தில் இருக்கும் பதினெட்டு வயதுப் பையன் கணக்குப் போடமாட்டான். பின்குறியை 300-க்கு வைத்துவிட்டு இடுப்பு வாரைக் குறிபார் என்று சொல்லிவிட்டால் போதும். பக்கத்தில் வந்தால் வயிற்றில் படும், நடுவழியில் நெஞ்சில் படும், 300 மீட்டரில் வாரிலேயே படும். குரூரமான கணக்கு, ஆனால் பிழையற்றது. இதே கணக்கு காகித வட்டத்தின் நடுப்புள்ளியை நாடுகிறவருக்கு ஒரு சாண் பிழையாகத் தெரிகிறது.

மோசினின் முதல் வடிவத்தில் இது இன்னும் வெளிப்படை. அப்போது ரஷ்யா மீட்டருக்கு மாறியிருக்கவில்லை; பின்குறியில் அர்ஷின் என்ற பழைய அளவு பொறிக்கப்பட்டிருந்தது. ஓர் அர்ஷின் 71.12 சென்டிமீட்டர். பின்குறியின் மிகத் தாழ்ந்த நிலை 400 அர்ஷின், அதாவது ஏறத்தாழ 284 மீட்டர். அதற்குக் கீழே இறங்கவே வழியில்லை. 1908-ல் மழுங்கிய முனைகொண்ட கனமான பழைய குண்டைக் கைவிட்டுக் கூர்முனைக் குண்டுக்கு மாறியபோது பாதை முழுவதும் தட்டையாகிவிட்டது. பொறித்திருந்த எண்கள் அத்தனையும் ஒரே நாளில் பொய்யாயின. கொனோவலோவ் வடிவமைத்த வளைந்த புதிய பின்குறித் தகட்டை மாட்டித்தான் அவற்றை மறுபடி உண்மையாக்கினார்கள். ஜெர்மனியும் இதே வழியில்தான் போனது. 1898-ஆம் ஆண்டு மௌசர் ரைஃபிளின் பின்குறியைக் கூர்முனைக் குண்டுக்காகத் திருத்தியபோது அதன் மிகக் குறைந்த தூரம் 400 மீட்டர் ஆயிற்று. சில ஆண்டுகளில் முதல் உலகப் போர் வந்தது. எதிரிப் பதுங்குகுழி நூறு மீட்டரில் இருக்க, துப்பாக்கியோ அங்கே கால் மீட்டர் மேலே சுட்டது. குழி விளிம்புக்கு மேலே ஒரு தலை மட்டும் தெரியும் போரில் கால் மீட்டர் என்பது ஒரு தலையின் உயரம்.

அடுத்த நிபந்தனை பயனெட். சோவியத் ஒழுங்கின்படி மோசின் ரைஃபிளின் குழல் நுனியில் நான்கு விளிம்புள்ள நீண்ட ஊசி பயனெட் எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும். துப்பாக்கியின் நீளம் 1.23 மீட்டர், அதோடு சேர்த்தால் 1.66 மீட்டர். ஆலையில் சரிபார்த்ததும் அதோடுதான். இன்று சுடுகளத்துக்கு வருபவர் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருகிறார். உடனே குண்டு விழும் இடம் நகர்ந்துவிடுகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். பார்வைக்கோடும் குழல்கோடும் அப்படியே இருக்கையில் ஓர் ஊசியைக் கழற்றியதால் குறி ஏன் மாற வேண்டும்?

காரணம் சுவையானது. குண்டு சுடப்படும் நேரத்தில் குழல் அசையாத இரும்பாக இருப்பதில்லை. தோட்டா வெடித்து, குண்டு நுனியை அடைய ஒரு மில்லி வினாடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது. அந்த இடைவெளியில் குழல் வளைந்து, அதிர்ந்து, நுனி மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆடுகிறது. குண்டு வெளியேறும் அந்தக் கணத்தில் நுனி எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசைதான் கணக்கு. நுனியில் எடையைத் தொங்கவிட்டால் ஆட்டத்தின் வேகமும் வீச்சும் மாறும். பயனெட் ஒரு பக்கமாக ஒட்டி நிற்பதால் வெளியேறும் வாயுவும் சமச்சீராகப் பரவ முடியாது. இதைத் தனிப் பொருளாக எடுத்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஆங்கிலப் பொறியாளர் ஆர்னல்ஃப் மாலக். ரைஃபிள் குழல்களின் அதிர்வு பற்றிய அவருடைய கட்டுரை 1901-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது.

பிரிட்டனின் லீ-என்ஃபீல்ட் ரைஃபிளில் இந்த அதிர்வு ஒரு விசித்திரமான நன்மையைச் செய்தது. குழலின் பின்வாயை அடைக்கும் அதன் போல்ட் பின்பக்கத்தில் பூட்டிக்கொள்வதால் வெடிப்பின்போது உடற்பகுதி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். குண்டு வெளியேறும் நேரத்தில் நுனி மேல்நோக்கி எழும்பிக்கொண்டிருக்கும். எல்லாத் தோட்டாக்களும் ஒரே வேகத்தில் குண்டைத் தள்ளுவதில்லை. மெதுவான குண்டு சற்றுத் தாமதமாக வெளியேறும். அதற்குள் நுனி இன்னும் கொஞ்சம் எழுந்திருக்கும். ஆக, அதிகம் விழப்போகிற குண்டுக்கு அதிக ஏற்றம் தானாகவே கிடைத்துவிடுகிறது. அருகில் சுமாராகச் சுடும் லீ-என்ஃபீல்ட் ஆயிரம் கஜத்தை நெருங்கும்போது நல்ல பெயர் எடுத்ததற்கு இதையே காரணமாகச் சொல்வார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. மரக்கட்டையைச் செதுக்கி ‘மேம்படுத்துகிறேன்’ என்று கிளம்புபவர்கள் இதையும் சேர்த்துத்தான் செதுக்கி எறிகிறார்கள்.

லீ-என்ஃபீல்ட் நமக்கு அந்நியமில்லை. ‘த்ரீ நாட் த்ரீ’ என்று காவல் நிலையங்களிலும் செய்தித்தாள்களிலும் நாம் கேட்டுப் பழகியது அதுதான். வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் ஆலையில் அது பல பத்தாண்டுகள் தயாரானது. 1962-ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பிறகு அதே வடிவத்தை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றிச் செய்தார்கள். பின்னர் அதன் பின்குறியில் இருந்த 2000 என்ற உச்ச அளவை நீக்கி 800 மீட்டரோடு நிறுத்திக்கொண்டது நிதானமான முடிவு. உத்தரப் பிரதேசக் காவல்துறை .303 ரைஃபிளுக்கு விடைகொடுத்தது 2020-ல்தான். இந்தியச் சட்டப்படி .303, 7.62 போன்ற ராணுவத் தோட்டாக்களைச் சுடும் துப்பாக்கிகளைச் சாதாரண உரிமத்தில் தனியார் வைத்திருக்க முடியாது. எனவே கையில் சுத்தியலோடு முன்குறியைத் தட்டும் வாய்ப்பு நம்மில் அநேகருக்கு வராது. அதன் வடிவியலை ரசிக்க உரிமம் தேவையில்லை.

அந்த வடிவியல் இரண்டு முக்கோணங்களில் அடங்கிவிடும். மோசினின் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே 622 மில்லிமீட்டர். முன்குறியை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் பார்வைக்கோடு 622-ல் ஒரு பங்கு திரும்பும். நூறு மீட்டரில் அது 16 சென்டிமீட்டர். லீ-என்ஃபீல்டின் பழைய வடிவத்தில் குறிகளுக்கிடையே சுமார் 493 மில்லிமீட்டர்தான். அங்கே அதே ஒரு மில்லிமீட்டர் 20 சென்டிமீட்டராகிறது. இரண்டாம் உலகப் போரின் நான்காம் எண் வடிவத்தில் பின்குறியைக் கண்ணுக்கு அருகே தள்ளிவைத்ததால் இடைவெளி 730 மில்லிமீட்டரானது. விலகல் 14 சென்டிமீட்டருக்கும் கீழே வந்தது. இடைவெளி கூடக்கூடக் கண்ணின் சிறு பிழைகள் சிறிதாகின்றன. நீளமான பழைய துப்பாக்கிகள் சுடுவதற்குச் சாதுவாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

திசைதான் பலரையும் குழப்பும். பின்குறியை நகர்த்தினால் குண்டு அதே பக்கம் போகும். முன்குறியை நகர்த்தினால் எதிர்ப்பக்கம் போகும். முன்குறியை வலப்பக்கம் தட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். அதை மறுபடி வெட்டின் நடுவே கொண்டுவர வேண்டுமென்றால் குழல் நுனியை இடப்பக்கம் திருப்பியாக வேண்டும். குண்டும் இடப்பக்கம் போகும். உயரமும் அப்படியே: முன்குறி உயர்ந்தால் அதன் தலையை வெட்டோடு மட்டமாக்க நுனியைத் தாழ்த்த வேண்டும், குண்டு தாழும். மேலே சுடும் மோசினுக்கு உயரமான முன்குறி வேண்டும் என்பது இப்படித்தான் கிடைக்கிறது. முதல் தடவை கேட்கும்போது எல்லோருக்கும் தலைகீழாகத்தான் படும்.

ஆனால் குறியைத் தொடும் முன் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும். எண்பது வருடத்து மரம் ஈரத்தில் உப்பியிருக்கும், வெப்பத்தில் சுருங்கியிருக்கும், ஒரு பக்கம் குழலை அழுத்திக்கொண்டிருக்கும். நாலைந்து குண்டுகளில் குழல் சூடேறியதும் அந்த அழுத்தம் மாறும், துளைகள் ஒரு திசையில் நடக்கத் தொடங்கும். கட்டையையும் உடற்பகுதியையும் பிணைக்கும் திருகுகள் தளர்ந்திருந்தால் குறியை எத்தனை தடவை திருத்தினாலும் வீண். குழலின் வாய் விளிம்பு இன்னும் முக்கியம். குண்டு வெளியேறும் நொடியில் பின்னாலிருந்து வாயு பீறிடுகிறது. விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் வாயு அந்தப் பக்கம் முந்தி வெளியேறி, குண்டின் அடிப்பாகத்தைத் தள்ளிவிடும். மோசினை நுனிப் பக்கமிருந்து எஃகுக் கம்பி விட்டுத் துடைத்துத் துடைத்து எத்தனையோ வீரர்கள் அந்த விளிம்பைத் தேய்த்திருக்கிறார்கள். பழுதுபார்த்த ஆலைகள் தேய்ந்த பகுதியை நுனியிலிருந்து கொஞ்ச தூரத்துக்கு அகலமாகக் கடைந்துவிட்டு, உள்ளே நல்ல விளிம்பு ஒன்றைப் புதிதாக உண்டாக்கின. அவசர வைத்தியம், ஆனால் வேலை செய்கிறது.

இன்னொரு எதிரி உப்பு. பழைய ராணுவத் தோட்டாக்களின் பற்றவைக்கும் மூடியில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது எரிந்தபின் எஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. நம் சமையல் உப்பின் நெருங்கிய உறவு. குழலுக்குள் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து, ஒரே இரவில் துருவை வரவழைத்துவிடும். எண்ணெய் தடவினால் உப்பு கரையாது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலரவைத்து, அதன்பிறகு எண்ணெய் போட வேண்டும். எஃகுத் துப்பாக்கிக்குள் வெந்நீர் ஊற்றுவதைப் பார்க்கும் புதியவர்கள் பதறுவார்கள்.

இனி சுடலாம். மணல் மூட்டையில் துப்பாக்கியைத் தாங்கி, ஒரே தயாரிப்பின் தோட்டாக்களைக் கொண்டு, அவசரமின்றி. ஒரு குண்டு சுட்டுவிட்டு உடனே சுத்தியலைத் தேடுவது பெரிய தவறு. நல்ல நிலையிலுள்ள பழைய ராணுவ ரைஃபிள்கூட நூறு மீட்டரில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குள் துளைகளைச் சிதறவிடும். ஒற்றைத் துளை அந்தச் சிதறலில் எங்கோ ஓர் ஓரத்தில் விழுந்திருக்கலாம். என்.சி.சி. முகாமில் சுட்டவர்களுக்குக் ‘குரூப்பிங்’ என்ற சொல் நினைவிருக்கும். துளைகள் நடுவில் விழுந்தனவா என்று பார்ப்பதற்கு முன் ஒன்றுக்கொன்று நெருங்கி விழுந்தனவா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். நெருக்கம் சுடுபவரையும் துப்பாக்கியையும் சொல்கிறது. இருப்பிடம் குறியைச் சொல்கிறது.

செம்படையில் நான்கு குண்டுகள் சுட்டு அவற்றின் சராசரிப் புள்ளியைக் கண்டுபிடித்தார்கள். கணிதம் அதிகம் படிக்காத வீரனும் நூலை வைத்தே செய்யக்கூடிய அழகான முறை அது. ஏதேனும் இரண்டு துளைகளை நேர்கோட்டால் இணைத்து அதன் நடுவைக் குறி. அந்த நடுவிலிருந்து மூன்றாவது துளைக்குக் கோடு இழுத்து அதை மூன்று சமபங்காக்கி, முதல் இரண்டு துளைகளுக்கு அருகிலுள்ள பங்கின் முடிவைக் குறி. அங்கிருந்து நான்காவது துளைக்குக் கோடு இழுத்து நான்கு பங்காக்கி, அதேபோல் முதல் பங்கின் முடிவைக் குறி. கிடைப்பது நான்கு புள்ளிகளின் சரியான திணிவு மையம். எந்தத் துளையில் தொடங்கினாலும் அதே புள்ளிக்குத்தான் வந்து சேரும்; சந்தேகமிருந்தால் தாளில் போட்டுப் பாருங்கள். புள்ளியியல் இதற்கு ஒரு காரணமும் தருகிறது: நான்கின் சராசரியில் உள்ள தற்செயல் பிழை ஒற்றைக் குண்டின் பிழையில் பாதிதான். அதை மேலும் பாதியாக்க ஐந்தாறு குண்டுகள் போதாது, பதினாறு வேண்டும். தோட்டா விலையை நினைக்கும் எந்தப் படையும் நான்கோடு நிறுத்திக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

சராசரிப் புள்ளி கிடைத்தபின் திருத்தம். மோசினின் பின்குறியில் பக்கவாட்டு அசைவு கிடையாது. முன்குறியின் அடிக்கட்டை, கீழே அகன்று மேலே குறுகிய பள்ளத்தில் இறுக்கமாகச் செருகியிருக்கும். தச்சர்கள் டவ்டெயில் என்று சொல்லும் இணைப்பு அது. ஆலையில் சரிபார்த்ததும் கட்டையையும் பள்ளத்தையும் சேர்த்து உளியால் ஒரே கோடாக வெட்டிவிடுவார்கள். பின்னாளில் யாராவது நகர்த்தினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். நகர்த்தும் முன் அந்தக் கோட்டைப் புகைப்படம் எடுத்து வைப்பது நல்லது. பழைய நிலைக்குத் திரும்பும் ஒரே வழி அதுதான். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பித்தளைத் துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டலாம். ஆனால் மூன்று சென்டிமீட்டர் திருத்தத்துக்கு முன்குறி நகர வேண்டியது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுத்தியலுக்கு அவ்வளவு நாசூக்கு கிடையாது. ஒன்றும் அசையாது, அசையாது, பிறகு ஒரேயடியாக ஒரு மில்லிமீட்டர் தாவும். திருகைச் சுற்றினால் கட்டையைத் தள்ளும் சிறு கவ்வி ஒன்று இருக்கிறது. அதையே நான் பரிந்துரைப்பேன்.

உயரத்துக்கு உயர்ந்த முன்குறி வேண்டும். லீ-என்ஃபீல்டுக்கு இதை முறையாகச் செய்தார்கள்: அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு வித்தியாசத்தில் பல உயரங்களில் முன்குறித் தகடுகள் இருந்தன, எண் பொறித்தபடி. துப்பாக்கி எவ்வளவு மேலே சுடுகிறது என்று பார்த்து, ஆயுதப் பணியாளர் பொருத்தமானதைச் செருகிவிடுவார். மோசின் வைத்திருப்பவர்கள் கண்டுபிடித்த உபாயம் எளிமையானது. மின்கம்பியின் மேலுறையைச் சிறு துண்டாக வெட்டி முன்குறி முள்ளின் மேல் மாட்டிவிட்டு, அதன் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டே வருவது. பதினாறு சென்டிமீட்டர் மேலே சுடுகிறதா, முள்ளுக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் உறை நிற்கட்டும். பழைய இரும்பில் அரம் படவே தேவையில்லை, வேண்டாமென்றால் பிடுங்கிப் போடலாம். உயரம் சரியாகிவிட்டது என்று தெரிந்தபின் அதே அளவில் எஃகு முள் செய்து மாட்டிக்கொள்பவர்களும் உண்டு.

இந்தக் குறைகளையெல்லாம் பார்த்து மோசினைத் தீவிரமாகத் திருத்தியவர்கள் பின்லாந்தினர். 1917-ல் ரஷ்யாவிடமிருந்து விடுதலை பெற்றபோது ரஷ்யத் துப்பாக்கிகள் நாடெங்கும் கிடந்தன. அவற்றின் உடற்பகுதியை வைத்துக்கொண்டு குழல், கட்டை, குறி என்று பலவற்றை மாற்றினார்கள். இரண்டு பக்கமும் சிறு திருகு வைத்து, திருகுளியால் நகர்த்தக்கூடிய முன்குறியைச் செய்தார்கள். பின்குறியின் கீழ் அளவை 150 மீட்டருக்கு இறக்கினார்கள். காடும் பனியும் நிறைந்த நாட்டில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்பதை அறிந்தவர்கள் எடுத்த முடிவு. சோவியத் யூனியனோடு நடந்த 1939-40 குளிர்காலப் போரில் பின்லாந்தின் பேர்பெற்ற குறிசுடும் வீரர் சிமோ ஹைஹா பயன்படுத்தியது இப்படித் திருத்திய துப்பாக்கிதான், அதுவும் தொலைநோக்கி இல்லாமல். தொலைநோக்கியில் பார்க்கத் தலையை உயர்த்த வேண்டும், உறைபனியில் கண்ணாடி மங்கும், வெயில் பட்டால் மின்னும்.

தொலைநோக்கி இல்லாத குறியில் கண்தான் கடைசிப் பாகம், அதற்கும் வரம்பு உண்டு. பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண்ணால் ஒன்றை மட்டுமே தெளிவாகப் பார்க்க முடியும். பழகாதவர் இயல்பாக இலக்கைப் பார்ப்பார். பார்க்க வேண்டியது முன்குறியை. இலக்கு மங்கினால் எல்லாப் பக்கமும் சமமாக மங்கும், நடுவை ஊகித்துவிடலாம். முன்குறி மங்கினால் அரை மில்லிமீட்டர் விலகியதுகூடத் தெரியாது, அதன் விலை எட்டு சென்டிமீட்டர். இந்தத் துப்பாக்கிகள் இருபது வயதுக் கண்களுக்காகச் செய்யப்பட்டவை. ஐம்பதைத் தாண்டி அவற்றை வாங்குபவர்களுக்கு வெட்டும் முள்ளும் சேர்ந்து குழைந்து தெரியும். துப்பாக்கியின் மேல் வைக்கும் புகாரில் பாதி மூக்குக்கண்ணாடிக் கடையில் சொல்ல வேண்டியது. வெயிலும் ஏமாற்றும். இடப்பக்கச் சூரியனில் முள்ளின் இடப்பக்கம் பளபளக்கும். அந்த ஒளிக்கீற்றையே முழு முள் என்று எடுத்துக்கொண்டு நடுவில் வைத்தால் குண்டு வலப்பக்கம் போகும். 1930-ஆம் ஆண்டு வடிவத்தில் முன்குறியைச் சுற்றி ஒரு வளையம் வைத்ததில் இந்த வெயிலைத் தடுப்பதும் சேர்த்தி. படைவீரர்கள் முன்குறியைப் புகையில் காட்டிக் கறுப்பாக்கியதும் இதற்காகவே.

இவ்வளவும் செய்து நூறு மீட்டரில் நடுவில் படவைத்தபின், பின்குறித் தகட்டில் மேலே போகும் எண்களைப் பாருங்கள். முன்குறியை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தியது எல்லா எண்களையும் ஒரே கோணம் கீழே இறக்கியிருக்கிறது: 300 மீட்டரில் 48 சென்டிமீட்டர், 1000 மீட்டரில் ஒன்றரை மீட்டருக்கு மேல். துப்பாக்கி எல்லாத் தூரத்திலும் ஒரே கோணம் மேலே சுட்டுக்கொண்டிருந்தால் எண்கள் அனைத்தும் இப்போது உண்மையாகியிருக்கும். தோட்டா மாறியதால் வந்த பிழை என்றால் நூறு மட்டும் சரியாகி மற்றவை கொஞ்சம் கொஞ்சமாக விலகும். சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், 200, 300 வரையாவது.

தகட்டின் உச்சியில் 20 என்று இருக்கிறது, அதாவது 2000 மீட்டர். அதைச் சுட்டுப் பார்க்க யாரும் முயல்வதில்லை. சுமார் இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள முன்குறி முள், கண்ணிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டரில் நிற்கிறது. இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் அது நான்கு மீட்டர் அகலத்தை மறைத்துவிடும். ஒரு மனிதனைக் குறிபார்க்க அங்கே வழியே இல்லை. கம்பெனி எனப்படும் படைப்பிரிவு முழுக்க ஒரே அதிகாரியின் கட்டளையில், தொலைவில் புழுதி எழுப்பிப் போகும் குதிரைப்படையையோ பீரங்கி வரிசையையோ நோக்கி ஒன்றாகச் சுடும் காலத்துக்காகப் பொறித்த எண் அது. லீ-என்ஃபீல்டில் இதற்கென்றே இடப்பக்கம் தனிக் குறி ஒன்று 2800 கஜம் வரை வைத்திருந்தார்கள். இயந்திரத் துப்பாக்கி அந்த வேலையை எடுத்துக்கொண்டதும் முதல் உலகப் போரின் நடுவிலேயே அதைக் கழற்றிவிட்டார்கள். ரஷ்யர்கள் எண்ணை விட்டுவைத்தார்கள். 1943-ல், இஷெவ்ஸ்க் ஆலையில் நேரமும் எஃகும் பற்றாத நாட்களிலும், ஒவ்வொரு தகட்டிலும் 20 வரை பொறித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.